ஒரு பாடவேளைக்கு ஒரு கணக்கு போதும்: 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை விளையாட்டாகக் கணக்குப் பாடம் திட்டமிட ஒரு வழிகாட்டி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் போய் நின்றால், மீன் விற்கும் அம்மாக்களின் கைகளில் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கூடையைக் கவிழ்ப்பார்கள், மீனைக் கண்ணாலேயே அளப்பார்கள், மடமடவென்று கூறு போடுவார்கள். மிஞ்சிய இரண்டு மூன்று மீனை என்ன செய்வது என்பதையும் அந்த நொடியிலேயே முடிவு செய்துவிடுவார்கள். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைதான் பள்ளிக்கு வந்து, பலகையில் 23 ÷ 4 என்று எழுதினால் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பார்த்த கூறும் நோட்டில் பார்க்கிற வகுத்தலும் ஒன்றுதான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நாம் வாயால் சொல்லிவிட்டால் தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அது தானாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி பாடத்தைத் திட்டமிடுவதுதான் நம் வேலை.

நான் கடலோரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாடவேளைக்குப் பத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் பத்தையும் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் எண்ணை மாற்றிக் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் கை தூக்க மாட்டார்கள். இப்போது ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு கணக்குதான். ஆனால் அந்த ஒன்றுக்கு முந்தைய நாள் மாலை அரை மணி நேரம் உட்கார்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறேன், மறுநாள் வகுப்பில் என்ன செய்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களுக்கும், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

முதல் படி: எது பிடிபட வேண்டும்?

பாடத்தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "வகுத்தல்" என்பது ஒரு நாள் பாடம் இல்லை. "சமமாகப் பிரித்த பிறகு மிஞ்சுவதும் விடையின் ஒரு பகுதிதான்" என்பது ஒரு நாள் பாடம். "கூட்டல்" பெரிது, "8-உடன் 5-ஐச் சேர்க்கும்போது முதலில் பத்தை நிரப்பலாம்" என்பது கைக்கு அடங்கும். ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கையேட்டை வைத்திருந்தாலும் சரி, புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இருக்கும் சிபிஎஸ்இ புத்தகத்தை வைத்திருந்தாலும் சரி, இந்த ஒரு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கைத் தேடுவது

நல்ல கணக்கு பிள்ளை கண்ணால் பார்த்த இடத்திலிருந்து வரும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. மீன் கூறு இருக்கிறது. பண்ருட்டிப் பக்கமானால் முந்திரிக்கொட்டையும் பலாச்சுளையும் இருக்கின்றன. மார்கழியில் வாசல் முழுக்கக் கோலப் புள்ளிகள். பூக்காரம்மாவின் முழம். புதுச்சேரிப் பேருந்தில் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள்.

ஆனால் ஊர்ப் பெயரையும் மீன் பெயரையும் சேர்த்துவிட்டால் மட்டும் நல்ல கணக்கு ஆகிவிடாது. "ராணியிடம் 5 சங்கரா இருந்தது, அம்மா 3 சங்கரா கொடுத்தார், மொத்தம் எத்தனை?" என்பது பழைய வாக்கியக் கணக்குக்குப் புதுச்சட்டை போட்டது, அவ்வளவுதான். நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். வகுப்பிலேயே மெதுவாகச் செய்யும் பிள்ளை இதைத் தொடங்கவாவது முடியுமா? இரண்டு மூன்று வழியில் செய்ய முடியுமா? விடை வந்த பிறகு, "அப்புறம்?" என்று கேட்க அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு இதுதான்: கூடையில் 23 சங்கரா மீன். ஒரு கூறுக்கு 4 மீன். எத்தனை கூறு போடலாம்?

மூன்றாம் படி: பிள்ளையாக மாறி நீங்களே போட்டுப் பாருங்கள்

பாடத் திட்டத்தில் அதிகம் விட்டுப்போவது இந்தப் படிதான். எனக்கு இதுதான் உயிர். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடம் திட்டமிடும்போது, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்வார்கள் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது வழக்கம். நானும் அதைத்தான் செய்கிறேன். ஒரு தாளை எடுத்து, 23 மீனை எத்தனை விதமாகக் கூறு போடலாம் என்று எழுதுவேன்.

ஒரு பிள்ளை 23 மீனையும் படமாக வரைந்து, நான்கு நான்காக வட்டம் போடும். இன்னொன்று 4, 8, 12, 16, 20 என்று விரல்விட்டு எண்ணி, 24 வந்ததும் "ஐயோ, தாண்டிடுச்சு" என்று நிறுத்தும். மூன்றாவது 23-லிருந்து நான்கு நான்காகக் கழித்துக்கொண்டே போகும். யாராவது ஒருவர், "ரெண்டு கூறுன்னா 8, நாலு கூறுன்னா 16" என்று தாவுவார். அந்தத் தாவலை நான் காத்திருந்து பிடிப்பேன்; பெருக்கல் அங்கேதான் முளைக்கிறது.

அடுத்து, தவறான விடைகள். 27 வரும். 19 வரும். எண்ணைப் பார்த்ததும் கூட்டிவிடும், கழித்துவிடும் பிள்ளைகள் அவர்கள். கதையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள். 6 என்று ஒரு விடை வரும். இதை உடனே தவறு என்று அடிக்கக் கூடாது. மிஞ்சிய 3 மீனையும் ஒரு கூறாக அந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறது. சந்தையில் அப்படியும் நடக்கும்தானே?

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நான் கேட்கப்போகும் ஒரு கேள்வியை எழுதிவைப்பேன். 27-க்கு என் கேள்வி: "இந்த 27 என்ன கண்ணு, மீனா, கூறா?" பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலேயே பிள்ளை தானாகத் திரும்பிப் பார்த்துவிடும். 6-க்கு: "கடைசிக் கூறை வாங்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

வகுப்பில் நிற்கும்போது நல்ல கேள்வி சட்டென்று வாயில் வராது. முந்தைய நாளே எழுதிவைத்தால்தான் வரும்.

பொருள்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்ன வரிசை இன்றும் நமக்குப் போதுமானது: முதலில் கையால் செய்வது, பிறகு படமாக வரைவது, கடைசியில் குறியீடாக எழுதுவது. கையால் செய்வதற்குக் கடைப் பொருள் எதுவும் தேவையில்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டிவையுங்கள். சோழி, பாட்டில் மூடி, கொட்டாங்குச்சி போதும். புளியங்கொட்டை 2, 3-ஆம் வகுப்புக்குச் சரி. 1-ஆம் வகுப்புக்கு வேண்டாம். ஒரு முறை என் வகுப்பில் ஒரு குழந்தை மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து சின்னவர்களுக்கு மூக்கில் நுழையாத அளவுள்ள பொருள் மட்டும்தான்.

இன்னொன்று. பொருளை முதலிலேயே எல்லார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு தட்டில் வையுங்கள். தேவைப்படும் பிள்ளை எழுந்து வந்து எடுக்கட்டும். யார் எடுக்கிறார்கள், யார் எடுக்காமலே செய்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய தகவல்.

வகுப்பில் 40 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் கதை. எண்ணே இல்லாமல் சொல்லுங்கள். "அம்மா கூடை நிறைய சங்கரா கொண்டுவந்தாங்க. எல்லாக் கூறுலயும் ஒரே மாதிரி மீன் வெச்சாங்க. கொஞ்சம் மிஞ்சிப்போச்சு." இவ்வளவுதான். பிறகு, "இதுல என்ன கேள்வி கேக்கலாம்?" என்று கேளுங்கள். எத்தனை மீன், கூறு எவ்வளவு, மிஞ்சினது எத்தனை, யார் வாங்கினாங்க என்று வரும். எண் இல்லாததால் கூட்டவோ கழிக்கவோ வழியில்லை. பிள்ளைகள் கதைக்குள் போயே ஆக வேண்டும். 27-உம் 19-உம் பாதியாகக் குறைவது இந்த ஐந்து நிமிடத்தால்தான். அதன் பிறகே 23-ஐயும் 4-ஐயும் பலகையில் எழுதுவேன்.

அடுத்த 15 நிமிடம் அவர்களுடையது. முதல் மூன்று நிமிடம் தனியாக, பிறகு இரண்டிரண்டு பேராக. இந்த நேரத்தில் நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கஷ்டமாக இருக்கும், எனக்கும் இன்னும் கஷ்டம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். ஒரு சின்ன நோட்டில் யார் என்ன வழியில் செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். தேங்கி நிற்கும் பிள்ளையிடம், "கதையை எனக்கு ஒருவாட்டி சொல்லும்மா" என்பேன். முடித்துவிட்ட பிள்ளையிடம், "இது சரின்னு உன் பக்கத்துல இருக்கறவனுக்கு எப்படிக் காட்டுவ?" என்பேன்.

சரி, இப்போது எல்லாரும் பேசும் நேரம். இதற்கும் 15 நிமிடம் வேண்டும், குறைக்காதீர்கள். யாரை முதலில் பேச வைப்பது என்பதை உங்கள் சின்ன நோட்டு சொல்லும். முதலில் விடை சொல்லத் துடிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை அழைத்தால் மற்றவர்களின் யோசனை அங்கேயே நின்றுவிடும். மீனை வரைந்து வட்டம் போட்ட பிள்ளையை முதலில் அழையுங்கள். அது எல்லாருக்கும் புரியும். அடுத்து 4, 8, 12 என்று எண்ணியவர். கடைசியில் இரண்டிரண்டு கூறாகத் தாவியவர். பலகையை மூன்று பத்தியாகப் பிரித்து மூன்று வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பாடவேளை முடியும் வரை எதையும் அழிக்காதீர்கள். பிறகு, "இந்தப் படத்துல இருக்கற வட்டம், அந்த 4, 8, 12-ல எங்க இருக்கு?" என்று கேளுங்கள். படத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் கோடு இழுக்க ஒரு பிள்ளை எழுந்து வரும். அதற்குப் பிறகுதான் நான் 23 ÷ 4 என்று எழுதி, 5 கூறு, மிச்சம் 3 என்று பக்கத்தில் எழுதுவேன்.

அந்த மிச்சம் 3 மீனை என்ன செய்வது என்று கட்டாயம் கேளுங்கள். "குழம்புக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம் டீச்சர்." "சின்னக் கூறா போட்டுக் கம்மி விலைக்குக் கொடுக்கலாம்." "மூணு பேருக்குக் கொசுறாப் போட்டுடலாம்." எல்லாமே சரியான பதில்தான்.

கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் எழுத.

முன்னால் ஓடும் பிள்ளைக்கு

பத்து நிமிடத்தில் முடித்துவிட்ட பிள்ளைக்கு இன்னும் பெரிய எண்ணைக் கொடுக்காதீர்கள். அது தண்டனை மாதிரி. அதே 23-ஐ ஆழமாக்குங்கள்: "மிச்சமே வராம கூறு போடணும்னா, கூறுக்கு எத்தனை மீன் வைக்கணும்?" அந்தப் பிள்ளை 2 வைத்துப் பார்க்கும், 1 மிஞ்சும். 3 வைத்தால் 2 மிஞ்சும். 5, 6, 7 என்று போய், எதுவும் ஒத்துவராமல் திரும்பி வரும். ஒவ்வொரு மீனாக விற்கலாம், அல்லது 23-ஐயும் ஒரே கூறாக விற்கலாம், வேறு வழியே இல்லை என்று கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். "அப்போ கூடையில இன்னும் ஒரே ஒரு மீன் சேர்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். 24-க்கு 2, 3, 4, 6, 8, 12 என்று கதவு கதவாகத் திறக்கும். பகா எண் என்ற சொல் அந்த வயதுக்குத் தேவையில்லை. 23 பிடிவாதக்காரன், 24 நல்ல பையன் என்று என் வகுப்பில் ஒருத்தி பெயர் வைத்தாள். அது போதும்.

மறுநாள் அதே வகுத்தலைப் பேருந்தில் ஏற்றுவேன். 34 பேர் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறோம், ஒரு வரிசையில் 5 பேர் உட்காரலாம், எத்தனை வரிசை வேண்டும்? 6 வரிசை நிரம்பி 4 பேர் மிஞ்சுவார்கள். மீனாக இருந்தால் மிச்சம் என்று விட்டுவிடலாம். நான்கு பேரை நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போக முடியுமா? ஏழாவது வரிசை வேண்டும். எண்கள் வேறானாலும் செய்கிற கணக்கு ஒன்றுதான், ஆனால் மிச்சத்தை என்ன செய்வது என்பதைக் கதைதான் முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வையுங்கள். இடைவெளி விட்டால் அந்த ஒப்பீடு நழுவிவிடும்.

ஒரே அறையில் மூன்று வகுப்பு இருந்தால்

நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. கதையை மாற்ற வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக மூன்று கற்றல் நிலைகள் உண்டு. அரும்பு நிலைக்கு 10 மீன், கூறுக்கு 2. மொட்டு நிலைக்கு 23 மீன், கூறுக்கு 4. மலர் நிலைக்கு 58 மீன், கூறுக்கு 6, ஒரு கூறு 50 ரூபாய், மொத்தம் எவ்வளவு கிடைக்கும்? எல்லாரும் ஒரே கதையைப் பேசுவதால் பெரியவர்கள் சொல்வது சின்னவர்களுக்கும் காதில் விழும். 1-ஆம் வகுப்புப் பிள்ளை எழுந்து மூன்றாம் வகுப்புக்காரரின் படத்தில் வட்டம் விட்டுப்போனதைக் காட்டிய நாள்களும் உண்டு.

விளையாட்டு எங்கே வருகிறது?

"கணக்கை முடிச்சா விளையாட விடுவேன்" என்று சொல்லாதீர்கள். கணக்கு கசப்பு மருந்து, விளையாட்டு அதற்குப் பிறகு தரும் சர்க்கரை என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். விளையாட்டுக்குள்ளேயே கணக்கு இருக்க வேண்டும். நம் வீட்டு விளையாட்டுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஒத்தையா ரெட்டையா எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய கையில் சோழி. ஒத்தை என்றோ ரெட்டை என்றோ சொல்ல வேண்டும். கையைத் திறந்ததும், "எண்ணாம எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். ஜோடி ஜோடியாக நகர்த்துவார்கள். பிறகு இரண்டு பேர் கையையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஒத்தையும் ஒத்தையும் சேர்ந்தால் ஏன் எப்போதும் ரெட்டை? ஜோடி இல்லாத இரண்டு சோழி ஒன்றுக்கொன்று ஜோடி ஆவதை ஏழு வயதுப் பிள்ளை விரலால் தள்ளிக் காட்டும். அதை விடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

1-ஆம் வகுப்புக்கு நான் தினமும் ஆட வைப்பது கொட்டாங்குச்சி ஆட்டம். 10 பாட்டில் மூடி. ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்குள் ஒளிப்பார். வெளியே 6 இருந்தால் உள்ளே எத்தனை? இரண்டு வாரம் ஆடினால் பத்தின் ஜோடிகள் எல்லாம் மனதில் உட்கார்ந்துவிடும். 8-உடன் 5-ஐச் சேர்க்கும்போது அதுவே கை கொடுக்கும்.

பல்லாங்குழி 2, 3-ஆம் வகுப்புக்கு. 14 குழி, குழிக்கு 5 என்று வைத்தால் மொத்தம் 70. ஆட்டம் தொடங்கும் முன்பே, "எண்ணாம மொத்தம் சொல்லுங்க" என்று கேளுங்கள். நடுவில் நிறுத்தி, "இந்தக் குழியை எடுத்தா கடைசிக் காய் எங்க விழும்? போடாம சொல்லு" என்று கேளுங்கள். ஒரு குழியில் 4 சேர்ந்தால் பசு. எந்தக் குழியில் பசு வரப்போகிறது என்று காத்திருப்பதே "நாலுக்கு இன்னும் எத்தனை" என்ற கழித்தல்தான்.

கோலமும் அப்படித்தான். நடுவில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் எத்தனை, ஒன்றொன்றாக எண்ணாமல்? ஒருவர் 5-உம் 5-உம் 10 என்பார். இன்னொருவர் 7-உடன் 3-ஐச் சேர்த்து இன்னொரு 10 செய்வார். மிஞ்சிய 3, 1, 1 சேர்ந்து 5, ஆக 25. தலையைச் சாய்த்துப் பார்த்தால் அதே கோலத்தில் 4 புள்ளி வரிசை நான்கும், 3 புள்ளி வரிசை மூன்றும் தெரியும்: 16-உம் 9-உம். இதைப் பிள்ளைகளே பார்க்கும் வரை சொல்லாதீர்கள். பையன்களையும் கோலம் போட வையுங்கள்.

தமிழ் எண் பெயரில் ஒரு சறுக்கல்

இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒழுங்காக வரும் வரிசை, அடுத்த பத்தில் தொண்ணூறு என்று மாறுகிறது. அந்தச் சொல்லின் கடைசியில் நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதில் நூறு விழுவதால் தொண்ணூற்று மூன்று என்றால் 3 இலக்கத்தில் எழுதும் பிள்ளைகள் உண்டு. தொள்ளாயிரத்திலும் இதே கதை, அங்கே ஆயிரம் ஒட்டியிருக்கிறது. பிள்ளையின் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். ஒன்பது ஈர்க்குச்சிக் கட்டும் மூன்று தனிக் குச்சியும் கையில் கொடுத்து, "இதுக்குப் பேருதான் தொண்ணூத்தி மூணு" என்று சொல்லுங்கள். பெயரைக் கட்டோடு பார்த்த பிள்ளை அடுத்த முறை எழுதும் முன் ஒரு நொடி நிற்கும்.

பாடம் முடிந்த மாலை

மூன்று நோட்டை மட்டும் எடுங்கள்: முந்திய நாள் தேங்கிய ஒருவர், நடுவில் இருப்பவர், முன்னால் ஓடுபவர். விடையை விட்டுவிட்டு வழியைப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்காத வழி ஏதாவது வந்திருந்தால் உங்கள் தாளில் தேதி போட்டுச் சேருங்கள். அடுத்த ஆண்டு அதே கணக்கை எடுக்கும்போது அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் நான் கணக்கு கொடுப்பதில்லை. பிள்ளைகளே ஆளுக்கொரு கணக்கு எழுதி ஒரு டப்பாவில் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் படம் வரைவார்கள், அல்லது என் காதில் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். போன வாரம் டப்பாவில் வந்தது இது: "எங்க அப்பா வலையில் 40 கிழங்கான். 5 பேர் போட்டில் போனாங்க. ஆளுக்குச் சமமா பிரிச்சாங்க. ஆனா போட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு பங்கு எத்தனை?" படகுக்கும் பங்கு உண்டு என்பது கடலோரப் பிள்ளைக்குத்தான் தெரியும். 40-ஐ 6-ஆகப் பிரித்தால் 4 மிஞ்சும். அந்த 4 மீன் யாருக்கு? திங்கட்கிழமைக்கு அந்தக் கணக்கைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.